பிரிட்ஜ்ல ஃப்ரீசருக்குக் கீழ உள்ள அறையில வெச்சதெல்லாம் உறையுதா? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

செங்கோட்டைல பிரிட்ஜ் வேலை பாக்குறேன், புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் வண்டிய எடுத்துட்டு போவேன். வருஷா வருஷம் ஆனி மாசம் சாரல் இறங்குனதும் போன் வர ஆரம்பிச்சிரும். "அண்ணாச்சி, இட்லி மாவு கல்லு மாதிரி கிடக்கு", "அண்ணாச்சி, கீரை கண்ணாடி மாதிரி ஆயி எடுத்தா தண்ணியா வடியுது", மலைக்கு அந்தப் பக்கம்னா "சேட்டா, தைரு ஐஸாயி". எல்லாருமே தெர்மோஸ்டாட், அதாவது குளிர பாத்து மெஷின ஓட்டி நிறுத்துற பார்ட், போயிருச்சுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிடுதாங்க, போய் பாத்தா பல வீட்டுல எந்த பார்ட்டும் போயிருக்காது. ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப போன்ல சொல்றதுக்கு பதிலா இங்க எழுதி வெக்கிறேன், உங்க பிரிட்ஜ்ல எந்த அறிகுறி இருக்கோ அந்த தலைப்புக்கு நேரா போயிருங்க. ஆனா அதுக்கு முன்னாடி கீழ சொல்ற டம்ளர் வேலைய மட்டும் செஞ்சிருங்க.

## மொதல்ல மூணு டம்ளர் தண்ணி

மூணு சின்ன டம்ளர்ல பாதி பாதி தண்ணி ஊத்துங்க. ஒண்ணு மேல் தட்டுல பின் சுவர ஒட்டி, ஒண்ணு நடுத்தட்டுல நடுவுல, ஒண்ணு காய்கறி பெட்டிக்குள்ள. ராத்திரி படுக்கப் போகும்போது வெச்சிட்டு காலைல எந்திரிச்சதும் பாருங்க, நடுவுல கதவ திறக்காதீங்க. தெர்மாமீட்டர் இருந்தா நடு டம்ளர் தண்ணிக்குள்ள போட்டு வைங்க, காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் இதுக்கு ஆகாது, அது பிரிட்ஜுக்குள்ள இருக்குற அளவு குளிர காட்டாது. பிரிட்ஜுக்குன்னே விக்கிற சின்ன தெர்மாமீட்டர் வாங்குங்க, விலை கம்மிதான்.

நடு டம்ளர் 3ல இருந்து 5 டிகிரி காட்டுனா பிரிட்ஜ் நல்லா இருக்கு, நீங்க சாமான் வெக்கிற இடம்தான் தப்பு. 2க்கு கீழ போனா செட்டிங்க பாக்கணும். தண்ணி மேல ஏடு மாதிரி ஐஸ் கட்டியிருந்தா கீழ எழுதுன சோதனைங்கள ஒவ்வொண்ணா பாக்கணும். எந்த டம்ளர் உறைஞ்சது, எது உறையலங்கிறத ஒரு தாள்ல எழுதி வைங்க, மெக்கானிக்க கூப்பிட்டாலும் அவருக்கு அதுல பாதி வேலை முடிஞ்சிரும்.

இன்னொண்ணு, உங்களுது எந்த வகைன்னு தெரியணும். ஃப்ரீசர் சுவர்ல வெள்ளையா ஐஸ் படிஞ்சு, குளிர கூட்டிக் குறைக்க திருகுற நாப் நடுவுல அமுக்குற பட்டன் இருந்தா அது டைரக்ட் கூல், பெரும்பாலும் சிங்கிள் டோர். ஃப்ரீசர் சுவர்ல ஐஸே பிடிக்காம, பின்னாடி ஓட்டை ஓட்டையா இருந்து அதுல காத்து வந்தா அது ஃப்ராஸ்ட் ஃப்ரீ, பெரும்பாலும் டபுள் டோர். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

## சாரல் சீசன்ல மட்டும் உறையுது, வெயில் காலத்துல நல்லா இருந்துச்சு

எனக்கு வர்றதுல நெறைய இதுதான். சித்திரை வெயில்ல ஐஸ் வாட்டர் பத்தலன்னு நாப்ப 5லயோ 6லயோ வெச்சிருப்பாங்க, அப்புறம் அதை யாரும் தொடுறது இல்ல. ஆனி, ஆடில கணவாய் வழியா காத்து அடிக்க ஆரம்பிச்சா பகல்லயே வீட்டுக்குள்ள சிலுசிலுன்னு இருக்கும். சிங்கிள் டோர்ல தெர்மோஸ்டாட் பாக்குறது ஃப்ரீசர் பெட்டியோட குளிர மட்டும்தான், கீழ் அறை எப்படி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. வெயில் காலத்துல வெளி சூடு சுவர் வழியா உள்ள வந்து கீழ் அறை உறையாம தாங்கிப் பிடிக்கும், சாரல்ல அந்த சூடு இல்ல, அதே 5ல மாவு உறைஞ்சிரும்.

நாப்ப 2க்கு கொண்டு வாங்க. கொண்டு வந்துட்டு 24 மணி நேரம் கை வெக்காதீங்க, மணிக்கொரு தடவ திருகுனா ஒண்ணும் புரியாது. மறுநாள் டம்ளர் சோதனை, இன்னும் ஏடு கட்டுனா 1. மறுபடி வெயில் ஏறும்போது ஏத்திக்கலாம். 

நம்பர் விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். திருகுற நாப்ல பெரும்பாலும் பெரிய நம்பர்னா அதிக குளிர். ஆனா டிஸ்ப்ளே உள்ள பிரிட்ஜ்ல காட்டுறது டிகிரி, அங்க சின்ன நம்பர்தான் அதிக குளிர். பழைய பிரிட்ஜ் பழக்கத்துல "கம்மியா வெச்சிருக்கேன்"னு டிஸ்ப்ளேல 1 வெச்சிட்டு ஒரு மாசம் காய்கறிய தூக்கிப் போட்டுட்டு இருந்த வீட்ட பாத்திருக்கேன். 4 வைங்க.

பிரிட்ஜ் காலியா கிடந்தாலும் உள்ள இருக்குற ஒண்ணு ரெண்டு சாமான் சீக்கிரம் உறையும். ஊருக்குப் போயிட்டு வந்தவங்க, ஒத்தையா இருக்குறவங்க நாலு பாட்டில் தண்ணி நிரப்பி வைங்க.

இந்த அறிகுறிக்கு மெக்கானிக் தேவையில்ல. 1ல வெச்சும் உறையுதுன்னா மட்டும் அடுத்தடுத்த தலைப்பப் பாருங்க.

## பின்னாடி ஒட்டி வெச்சது, இல்ல மேல் தட்டுல வெச்சது மட்டும் உறையுது

பின் டம்ளர் உறைஞ்சு நடு டம்ளர் நல்லா இருந்தா இந்த வகை. 

சிங்கிள் டோர்ல ஃப்ரீசருக்கு நேர் கீழ ஒரு பிளாஸ்டிக் ட்ரே இருக்கும், சில் ட்ரேன்னு சொல்லுவாங்க. கழுவ எடுத்துட்டு திருப்பி மாட்டாம விட்டுடுறாங்க, இல்ல உடைஞ்சுபோயி தூக்கிப் போட்டுடுறாங்க. அந்த ட்ரே இல்லன்னா ஃப்ரீசர் குளிர் அப்படியே மேல் தட்டு மேல கொட்டும். சில பழைய மாடல்ல அந்த ட்ரேலயே தள்ளுற மூடி இருக்கும், குளிர் காலத்துக்கு மூடி வெக்கணும். ட்ரே உடைஞ்சிருந்தா அதே மாடலுக்கு கிடைக்குதான்னு ஸ்பேர் கடைல கேளுங்க, கிடைக்கிற வரைக்கும் மேல் தட்டுல தண்ணி பாட்டில் மட்டும் வைங்க.

சில சிங்கிள் டோர்ல கீழ் அறையோட பின் சுவருக்குள்ளயே கூலிங் ஓடும். சுவர்ல தண்ணி முத்து முத்தா நிக்கும், அது கோளாறு இல்ல. கீரைக்கட்டு அந்த சுவர்ல ஒட்டுனா ஒட்டுன இலை மட்டும் உறையும், அவ்வளவுதான். ரெண்டு விரல்கடை தள்ளி வைங்க.

ஃப்ராஸ்ட் ஃப்ரீல பின் சுவர்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், ஃப்ரீசர்ல இருந்து காத்து அது வழியாத்தான் வருது. அந்தக் காத்து சைபருக்கும் ரொம்பக் கீழ. அதுக்கு முன்னாடி தயிர் சட்டிய வெச்சா தயிர் உறையத்தான் செய்யும், அது மட்டும் இல்லாம சட்டி ஓட்டைய அடைக்கிறதால மத்த தட்டுக்கு காத்து போகாது, மெஷின் இன்னும் நேரம் ஓடும். மூடி போட்ட ஊறுகாய் பாட்டில், தண்ணி பாட்டில் மாதிரி தாங்குற சாமானையும் ஓட்டைல இருந்து தள்ளித்தான் வெக்கணும். கீரை, வெள்ளரிக்கா, தக்காளி, முட்டை, பால் இதெல்லாம் தண்ணி சத்து உள்ளது, சைபருக்கு கொஞ்சம் கீழ போனாலே கெட்டுரும், அதுங்கள முன்பக்கம், இல்ல கதவுல.

சூடா சாம்பார உள்ள வெக்கிற பழக்கம் இருந்தா விடுங்க. உள்ள சூடு கண்டதும் மெஷின் விடாம ஓடும், சாம்பார் ஆறுறதுக்குள்ள ஓட்டை பக்கத்துல இருக்குற பால் பாக்கெட் ஐஸாயிரும்.

## சிங்கிள் டோர்: எல்லா டம்ளரும் உறையுது, கம்ப்ரஸர் நிக்கவே மாட்டேங்குது

இப்பத்தான் தெர்மோஸ்டாட் பக்கம் வரணும். வரிசையா பாருங்க, தாண்டிப் போகாதீங்க.

நாப்ப 0க்கு திருப்புங்க. டிக்னு ஒரு சத்தம் வந்து, பின்னாடி கம்ப்ரஸர், அதாவது குளிர உண்டாக்குற மோட்டார், ஒரு சின்ன உதறலோட நிக்கணும். கை வெச்சுப் பாத்தா அதிர்வு நின்னிருக்கும், கம்ப்ரஸர் கொதிக்கும், கவனம். 

0லயும் ஓடிட்டே இருந்தா ரெண்டுல ஒண்ணு. தெர்மோஸ்டாட்டுக்குள்ள பாயிண்ட் கருகி ஒட்டிக்கிச்சு, இல்ல முன்னாடி வந்த ஆளு தெர்மோஸ்டாட்ட விட்டுட்டு ஒயர டைரக்டா முறுக்கிட்டுப் போயிருக்காரு. ரெண்டாவது நான் அடிக்கடி பாக்குறது. பார்டர் பக்கம் ஒரு டீக்கடைல காலைல அஞ்சு மணிக்கு பால் பாக்கெட் மொத்தமும் செங்கல் மாதிரி இருந்துச்சு, அக்கா அதை சுடுதண்ணில போட்டு போட்டு எடுத்துட்டு இருந்தாங்க, கடை வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. பல்பு கவரை கழட்டிப் பாத்தா ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி கறுப்பு டேப் சுத்தியிருக்கு, நாப் வெறும் பொம்மையா நிக்கிது. பார்ட் கிடைக்காதப்ப ஒரு நாள் ரெண்டு நாளுக்கு அப்படி ஓட்டுறது உண்டு, ஆனா வீட்டுக்காரங்கட்ட சொல்லாம போறது பெரிய தப்பு, கம்ப்ரஸர் ஓய்வே இல்லாம ஓடி கரண்ட் பில்லும் ஏறும், கம்ப்ரஸரோட ஆயுசும் குறையும். உங்க பிரிட்ஜ்ல முன்னாடி யாராவது கை வெச்சிருந்தா "டைரக்ட் பண்ணிருக்கீங்களா"ன்னு நேரா கேளுங்க.

0ல நிக்கிது, ஆனா 1ல வெச்சாலும் மணிக்கணக்கா ஓடுதுன்னா தெர்மோஸ்டாட்டோட மெல்லிசான டியூப பாக்கணும். நாப் பெட்டில இருந்து சைக்கிள் ஸ்போக் மாதிரி மெல்லிசா ஒரு குழாய் கிளம்பி ஃப்ரீசர் பெட்டியத் தொட்டுட்டு ஒரு கிளிப்புலயோ ஸ்க்ரூலயோ நிக்கும். ஐஸ் ட்ரேய இழுக்கும்போது, ஐஸ சுரண்டும்போது அது கிளிப்ப விட்டு நழுவிரும். நழுவுனா அதுக்கு ஃப்ரீசரோட குளிர் தெரியாது, இன்னும் குளிரலன்னு நெனச்சு கம்ப்ரஸர ஓட விட்டுட்டே இருக்கும். பிளக்க புடுங்கிட்டு, ஐஸ் முழுசா கரைஞ்ச பிறகு, குழாய் முன்னாடி இருந்த தடத்துலயே நல்லா ஒட்டுற மாதிரி திருப்பி மாட்டுங்க. கூர்மையா மடிச்சிராதீங்க, அது உடைஞ்சா உள்ள இருக்குற கேஸ் போயிரும், அப்புறம் பிரிட்ஜ் கூலிங்கே ஆகாது.

இதெல்லாம் சரியா இருந்தும் நிக்கலன்னா தெர்மோஸ்டாட் மாத்தலாம். பார்ட் சில நூறு ரூபாதான், மாத்துறது அரை மணி நேர வேலை. ஆனா ஒயர் வேலை தெரியாதவங்க செய்யாதீங்க, நம்ம பக்கம் எர்த் சரியா இல்லாத வீடு நெறைய. பழசுல எழுதியிருக்குற நம்பருக்கே புதுசும் இருக்கணும். எந்த குளிர்ல கட் ஆகணுங்கிறது ஒவ்வொரு நம்பருக்கும் வேற, ஏதோ ஒண்ண மாட்டிட்டுப் போனா "புது தெர்மோஸ்டாட் போட்டும் உறையுதே"ன்னு மறுபடி ஆரம்பிக்கும். தெர்மோஸ்டாட் பக்கத்துல இருக்குற சின்ன ஸ்க்ரூவ திருகி சரி பண்ணலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

ஒரு விஷயம் கெஞ்சியே கேக்குறேன், ஃப்ரீசர் ஐஸ கத்தி, ஸ்க்ரூடிரைவர் வெச்சு குத்தாதீங்க. அந்த அலுமினியம் தகடு பப்படம் மாதிரி, ஒரு குத்துல ஓட்டை. இப்ப வர்ற பிரிட்ஜ்ல பெரும்பாலும் ஆர் 600ஏ கேஸ், அது தீப்பிடிக்கிற கேஸ். புஸ்ஸுன்னு சத்தம் கேட்டா சுவிட்ச், பிளக் எதையும் தொடாம, அடுப்ப பத்த வெக்காம, கதவு ஜன்னல தெறந்துட்டு வெளிய வந்து மெக்கானிக்க கூப்பிடுங்க.

## டபுள் டோர்: கீழ உறையுது, மேல ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் இளகிக் கிடக்கு

இதைக் கேட்டதும் எல்லாரும் கேஸ் கம்மின்னு சொல்லுவாங்க. அவசரப்படாதீங்க, குளிர் இருக்கு, போற இடம்தான் தப்பா இருக்கு.

ரெண்டு நாப் உள்ள மாடல்ல ஒண்ணு கம்ப்ரஸருக்கு, இன்னொண்ணு காத்த மேல எவ்வளவு கீழ எவ்வளவுன்னு பிரிக்கிறதுக்கு. பிரிக்கிற நாப்ப பிள்ளைங்க திருப்பி விட்டிருந்தா காத்து முழுக்க கீழ போயிரும். எது எந்த நாப், எந்தப் பக்கம் திருப்புனா என்னங்கிறது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த புக்க பாத்து நடுவுல வைங்க, ஒரு நாள் பொறுங்க.

அது சரியா இருந்தா டேம்பர். ஃப்ரீசர்ல இருந்து கீழ வர்ற காத்துக்கு ஒரு சின்ன கதவு, கீழ போதுமான குளிர் வந்ததும் அது மூடிக்கணும். ஐஸ் பிடிச்சு தெறந்தபடியே நின்னுட்டா காத்து நிக்காம இறங்கும். பாக்குறது எப்படின்னா, கம்ப்ரஸர் ஓடும்போது மேல் தட்டு ஓட்டைக்கு முன்னாடி ஒரு டிஷ்யூ பேப்பர் துண்ட பிடிங்க. கதவ தெறந்தா காத்த தள்ளுற ஃபேன் நின்னுரும், அதனால கதவு சுவிட்ச விரலால அமுக்கிப் பிடிச்சுக்கணும். நடு டம்ளர் ஏற்கனவே உறைஞ்சிருக்கும்போதும் பேப்பர் படபடன்னு ஆடுனா டேம்பர் மூடல.

பிளக்க புடுங்கி, ரெண்டு கதவையும் தெறந்து வெச்சு, கீழ துணி போட்டு ஒரு முழு ராத்திரி விட்டுருங்க. ஹேர் டிரையர், சுடுதண்ணி எதுவும் வேண்டாம். மறுநாள் போட்டு ஒரு வாரம் நல்லா ஓடி மறுபடி உறைஞ்சா ஐஸ் பிடிக்கிறதுக்கு வேற காரணம் இருக்கு. கதவு ரப்பர் பிடிக்காம ஈரக்காத்து உள்ள வருது, இல்ல தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கு, இல்ல உள்ள படியுற ஐஸ கரைக்கிற டீஃப்ராஸ்ட் ஹீட்டர் வேலை செய்யல. ரப்பர நீங்களே பாக்கலாம், பத்து ரூபா நோட்ட கதவுல வெச்சு மூடி இழுங்க, பிடிச்சு இழுக்குற மாதிரி வரணும், வழுக்கிட்டு வந்தா அந்த இடம் லீக். சோப்புத் தண்ணில துடைச்சு, வெதுவெதுன்னு தண்ணில நனைச்ச துணிய ஒத்தி கையால இழுத்து விட்டா பல தடவ சரியாயிரும். ஹீட்டர், டேம்பர் ரெண்டும் மெக்கானிக் வேலை, பின் பேனல கழட்டணும், கிளிப் உடைஞ்சா பேனலே மாத்த வேண்டியிருக்கும்.

ஒரு ராத்திரி விட்டுப் போட்ட மறுநாளே உறைஞ்சா டேம்பரே போச்சு, அது சில ஆயிரத்துக்குள்ள முடியுற வேலை.

இந்தப் பக்கம் சுலபமா தப்பிப் போற ஒண்ணு, கதவு மூடுனதும் பல்பு அணையாம இருக்குறது. கீழ் அறை சென்சார் பல்பு பக்கத்துல உள்ள மாடல்ல பல்பு சூடு பட்டு மெஷின் விடாம ஓடும். சுவிட்ச விரலால அமுக்குங்க, பல்பு அணையணும்.

## மேல் தட்டு உறையுது, காய்கறி பெட்டி வெதுவெதுன்னு இருக்கு

தட்டுல இண்டு இடுக்கு இல்லாம அடைச்சு வெச்சிருப்பீங்க, இல்ல தட்டு மேல தாள், பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிருப்பீங்க. அழகா இருக்குன்னு விரிக்கிற ஷீட்டு காத்து இறங்குற வழிய அடைச்சிரும். எடுத்துருங்க. அதுக்கும் அடங்கலன்னா ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கு முந்துன தலைப்புல சொன்ன ஒரு ராத்திரி வைத்தியம்.

## டிஸ்ப்ளே 4 காட்டுது, ஆனா உள்ள உறையுது

பவர் கூல், சூப்பர் கூல் மாதிரி ஏதாவது பட்டன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அணைங்க. பிளக்க புடுங்கி பத்து நிமிஷம் விட்டு போடுங்க. அதுக்கப்புறமும் தெர்மாமீட்டர் 0 காட்டி டிஸ்ப்ளே 4லயே நின்னா சென்சார் தப்பா சொல்லுது. சென்சார் குளிர குளிர அதோட ஓம், அதாவது மின்தடை, ஏறணும், மெக்கானிக் அதை ஐஸ் தண்ணில முக்கி மீட்டர்ல பாப்பாரு, ஏறலன்னா மாத்தணும், பார்ட் விலை கம்மி. சென்சார் நல்லா இருந்து கம்ப்ரஸர் நிக்கலன்னா போர்டு, அதாவது கம்ப்ரஸர ஓட்டி நிறுத்துற எலக்ட்ரானிக் தகடு. இதுதான் இருக்குறதுலயே செலவு, அதனால சென்சார மீட்டர்ல பாக்காம யாராவது போர்டுன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஐப்பசி மாசம் மலையில இடி இறங்குற நாள்ல எனக்கு போர்டு வேலை நெறைய வரும், இடி கேட்டதும் பிளக்க புடுங்கி வைங்க.

## இன்சுலின், மருந்து உறைஞ்சிருக்கு

காய்கறி போனா காசு போகும், இது அப்படி இல்ல. புளியரை பக்கம் ஒரு வீட்டுல மாவு உறையுதுன்னு கூப்பிட்டாங்க. பாட்டியோட இன்சுலின ஒரு மஞ்சப் பைல சுத்தி, பிள்ளைங்க கை படாம மேல் தட்டுல கடைசில பின் சுவர ஒட்டி வெச்சிருந்தாங்க. பைய பிரிச்சா அட்டைப்பெட்டி நமுத்துப்போயி சுவரோட ஒட்டியிருக்கு, குப்பிக்குள்ள ஊசி ஊசியா ஐஸ். சுகர் இறங்கவே மாட்டேங்குதுன்னு அந்த வீட்டுல ரெண்டு வாரமா தவிச்சிட்டு இருந்திருக்காங்க. 

பிரிக்காத இன்சுலினுக்கு 2ல இருந்து 8 டிகிரி வேணும். ஒரு தடவ உறைஞ்சா அது கரைஞ்சு பழையபடி தெளிவா தெரிஞ்சாலும் போடக்கூடாது, தூக்கிப் போட்டுட்டு டாக்டர்ட்ட சொல்லுங்க. கதவு தட்டுல, இல்ல நடுத்தட்டு முன்பக்கம் ஒரு மூடி போட்ட டப்பாக்குள்ள வைங்க, டப்பாக்குள்ளயே தெர்மாமீட்டரையும் போட்டு வைங்க. பிரிட்ஜ் சரியாகுற வரைக்கும் பக்கத்து வீட்டு பிரிட்ஜ்ல வெக்கலாம். பிரிச்சு போட்டுட்டு இருக்குற இன்சுலின் பெரும்பாலும் ஒரு நாலு வாரம் வெயில் படாத இடத்துல வெளியவே தாங்கும், பெட்டிக்குள்ள இருக்குற தாள்ல எத்தன நாள், எத்தன டிகிரின்னு போட்டிருக்கும், மருந்துக் கடைலயும் கேட்டுக்கோங்க.

## மெக்கானிக்க கூப்பிடும்போது

ஷாக் அடிக்கிது, டிரிப் ஆகுது, எரிஞ்ச வாடை வருதுன்னா மேல சொன்ன எதையும் செய்யாம பிளக்க புடுங்கிட்டு நேரா கூப்பிடுங்க. ஃப்ரீசர்ல ஓட்டை, கேஸ் சம்பந்தப்பட்டதுன்னா மட்டும் முன்னாடி சொன்ன மாதிரி பிளக், சுவிட்ச் எதையும் தொடாம, கதவு ஜன்னல தெறந்துட்டு வெளிய வந்து கூப்பிடுங்க.

மத்ததுக்கு, கதவு உள்பக்கம் ஒட்டியிருக்குற மாடல் நம்பர் ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்புங்க. எந்த டம்ளர் உறைஞ்சது, 0ல கம்ப்ரஸர் நின்னுச்சா, ஒரு தடவ ஓட ஆரம்பிச்சா எத்தன நிமிஷம் ஓடி நிக்கிது, இந்த மூணையும் சொன்னா சரியான பார்ட்டோடயே வருவாரு, ரெண்டு தடவ அலையுற காசு மிச்சம். வேலை முடிஞ்சதும் பழைய பார்ட்ட கையில வாங்கி புதுசு பெட்டில இருக்குற நம்பரோட ஒத்துப் பாருங்க, அன்னிக்கு ராத்திரியே மறுபடி மூணு டம்ளர் தண்ணி வைங்க.